விளக்கு எரிந்த கிணறு

கயல்விழி அக்காவைப் பற்றி எழுத எனக்கு அருகதை கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய அப்பாவைக் குடிகாரர் என்று இரண்டு லட்சம் பேருக்கு முன்னால் சொன்னவன் நான். சொன்னதோடு நிற்காமல் அதற்கு மேல் ஒரு சிரிப்புச் சத்தத்தையும் சேர்த்தவன். யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்று எனக்கு அப்போது தெரியாது என்பது உண்மைதான். ஆனால் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் நேரம் இருந்தது.

என் பெயர் வம்சி. வயது இருபத்தாறு. பீளமேட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. வேலை முடிந்தால் யூடியூபில் ஒரு சேனல். ‘நைன் ஷாஃப்ட்ஸ்’ என்று ஒரு வீடியோ கேம் இருக்கிறது. கைவிடப்பட்ட சுரங்கம், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக ஒன்பது குழிகள். கீழே போகப் போகக் கண் தெரியாத ஒரு ஜந்து சுவரில் தொங்கிக்கொண்டு வரும். கம்பெனிக்காரன் அதற்கு வைத்த பெயர் கிரப்பர். நம் ஊர்ப் பிள்ளைகள் வைத்த பெயர் குருட்டுப்பயல். வெயில் இல்லை, செடி கொடி இல்லை, காற்றும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் அது எப்படி உயிரோடு இருக்கிறது என்று கேமில் எங்கேயும் சொல்ல மாட்டார்கள். ஆகவே விளையாடுகிற நாங்களே ஆளுக்கொரு தியரி சொல்வோம். பூஞ்சையைத் தின்கிறது என்பான் ஒருவன். நிலக்கரியைத் தின்கிறது என்பான் இன்னொருவன். ஈரோட்டுக்காரர் ஒருவர், செத்துப்போன சுரங்கத் தொழிலாளிகளின் மறுபிறவிதான் அது என்று இருபது நிமிடம் பேசினார். எழுதிப் படித்தால் கிறுக்குத்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைக் கேட்க ஊரில் ஆள் இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் என் வீடியோ ஒன்றின் கீழே ‘கயல் அவிநாசி’ என்ற பெயரில் ஒரு கமெண்ட் வந்தது. “வணக்கமுங்க தம்பி. குருட்டுப்பயல் எப்பவும் செவுத்துலயேதான் தொங்குது, தரையில உக்காரறதே இல்ல, கவனிச்சீங்களா? குழிக்குள்ள சில கெட்ட காத்து கீழ போய்த் தங்கிக்குமுங்க. தலையை மேல வெச்சிருந்தாத்தான் அதுக்கு மூச்சு.”

நான் கேமைத் திறந்து, அதுவரை எட்டியிருந்த எல்லாக் குழிக்கும் போய்ப் பார்த்தேன். உண்மை. ஒரு இடத்தில்கூட அது தரையில் இல்லை. அமெரிக்காக்காரன், ஜப்பான்காரன் யாரும் கவனிக்காத ஒன்று. வீடியோ போட்டேன். எண்பதாயிரம் பேர் பார்த்தார்கள். ‘நம்ம சப்ஸ்கிரைபர் ஒருத்தர் சொன்னாங்க’ என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னேன். பெயர் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒன்றிரண்டு எழுதுவார். குழிகளின் அடியில் எலும்புக்கூடுகள் கிடக்கும். எல்லாம் குருட்டுப்பயல் கொன்றது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். கயல் அக்கா எழுதினார்: “அதை யாரும் கொல்லலைங்க. எங்கியுமே ஒத்தையாக் கெடக்கறதில்ல பாருங்க, ரெண்டு ரெண்டாத்தான் கெடக்குது. மொதல்ல ஒருத்தன் மயங்கி விழுந்திருப்பான். அவனை எடுக்கப் போனவந்தான் ரெண்டாவது ஆளு.” படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சோகமாக வயலின் சேர்த்து வீடியோ போட்டேன்.

சாப்பாட்டைப் பற்றி நாங்கள் மாதக்கணக்கில் அடித்துக்கொண்டபோது ஒரே வரியில் முடித்துவைத்தார். “பட்டினி எல்லாம் அப்பறமுங்க. குழிக்குள்ள மொதல்ல போறது மூச்சுதான்.”

நான் அவர் அப்பாவைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவரை நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை. ஏதோ பயிற்சிக்காகக் கோவைக்கு வந்தவர், ஹோப் காலேஜ் பக்கம் ஒரு பேக்கரியில் சந்திக்கலாமா என்று கேட்டிருந்தார். காலேஜ் பெண் ஒருத்தி வருவாள் என்று எதிர்பார்த்து, தலையைச் சீவிக்கொண்டு போனேன். வந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பருத்திச் சுடிதார், தோளில் பை, பையின் வாரில் மஞ்சள் நிறத்தில் சின்னதாக ஒரு கருவி. காற்றில் விஷவாயு இருந்தால் கத்துகிற மீட்டர் அது. அவிநாசிக்குப் பக்கத்தில் சாயப்பட்டறைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கிற ஆலையில் அவர் பாதுகாப்பு அலுவலர். தொட்டிக்குள் யார் இறங்குவதானாலும் அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இறங்க வேண்டும்.

“கையெழுத்துப் போடறதுக்கு இத்தனை நேரமான்னு காண்ட்ராக்டரு திட்டுவாருங்க” என்று சிரித்தார். “இருவது நிமிசம் காத்து ஊதோணும், மீட்டரை மூணு எடத்துல எறக்கிப் பாக்கோணும். அதுக்குள்ள அவுங்களுக்குப் பொறுக்காது. ஒரு நாள் கீழ ஒருத்தன் தலை சுத்தி உக்காந்துட்டான். மேல நின்ன பையன், அவனோட அண்ணன், அப்படியே குதிக்கப் போனானுங்க. நான் அவன் சட்டையைப் புடிச்சு இழுத்துக் கன்னத்துல ஒண்ணு வெச்சுப்போட்டேன். அப்பறம் முகமூடி மாட்டின ஆளை எறக்கி, கீழ இருந்தவனைத் தூக்கியாச்சு. இப்ப ரெண்டு பேரும் நல்லா இருக்கறாங்க. அந்த அண்ணங்காரன் மட்டும் எங்கூடப் பேசறதில்லீங்க.”

அரசு பாலிடெக்னிக்கில் கெமிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு, வேலைக்குப் போய்க்கொண்டே தொழிற்பாதுகாப்புப் படிப்பை முடித்தவர். அம்மா பனியன் கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கிற பீஸ் செக்கிங் வேலை செய்து படிக்கவைத்தாராம். தினமும் ஆலைக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்துதான் போனில் நைன் ஷாஃப்ட்ஸ் விளையாடுவாராம். எட்டாவது குழியைத் தாண்டியிருந்தார். நான் அப்போது ஏழில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

சொந்த ஊர் எது என்று கேட்டேன். “அவிநாசிப் பக்கமுங்க” என்றார்.

“எங்க தோட்டமும் அந்தப் பக்கந்தான் இருந்துச்சுக்கா. கருவலூர்கிட்ட. எப்பவோ வித்தாச்சு.”

“தெரியுமுங்க” என்றார் அவர்.

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. எனக்கு முன்னால் ஒரு எக் பஃப்ஸ் இருந்தது, அதைத் தின்றுகொண்டிருந்தேன். அந்தப் பஃப்ஸை நினைத்தால் இப்போதும் எனக்கு வாய் கசக்கிறது.

போன தை மாதம் அந்த வீடியோவைப் போட்டேன். ஏழாவது குழியில் யாரோ வைத்துவிட்டுப் போன விளக்குகள் அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். விளக்கு எரிந்தால் அங்கே நல்ல காற்று இருக்கிறது, ஆகவே குருட்டுப்பயல் பேயுமில்லை பிசாசுமில்லை, நம்மைப் போல மூச்சு விடுகிற சாதாரண ஜந்து. இதுதான் என் தியரி. அதற்குச் சாட்சியாக எங்கள் தோட்டத்துக் கிணற்றை இழுத்தேன்.

எங்கள் பக்கத்துக் கிணறுகள் நூறடி ஆழம் போகும். தூர் வாரவோ வெட்டவோ இறங்குவதற்கு முன்னால் லாந்தர் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார்கள். அணைந்தால் ஒருவரும் இறங்கக் கூடாது. எரிந்தால் இறங்கலாம். தொண்ணூற்றாறில் எங்கள் கிணற்றில் ஒருவர் இறந்துபோனார் என்று வீட்டில் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். அன்றைக்கும் விளக்கு விட்டுப் பார்த்திருக்கிறார்கள், விளக்கு நன்றாக எரிந்திருக்கிறது, ஆனாலும் ஆள் போய்விட்டார், குடித்திருந்தார் என்பார்கள். வீடியோவில் நான் கேமராவைப் பார்த்துக் கண்ணடித்துக் கேட்டேன்: “அப்போ அவரைச் சாய்ச்சது காத்தா? இல்ல மக்களே, சரக்கு!” உடனே சிரிப்புச் சத்தம். மொத்தம் நாற்பது விநாடி.

அந்த நாற்பது விநாடிதான் பிய்த்துக்கொண்டு ஓடியது. தனியாக வெட்டி எடுத்து ஷார்ட்ஸாகப் போட்டார்கள். ‘காத்தா, சரக்கா’ என்று கமெண்டில் ஆளாளுக்கு எழுதினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கயல் அக்காவிடமிருந்து மட்டும் மூன்று வாரமாக ஒன்றும் வரவில்லை. அதை நான் கவனிக்கவும் இல்லை.

ஒரு நாள் மதியம் ஆபீஸ் கேண்டீனில் இருந்தபோது போன் செய்தார்.

“தம்பி, கயல் பேசறேனுங்க. ஒரு அஞ்சு நிமிசம் பேசலாங்களா?”

“சொல்லுங்கக்கா.”

“அந்தக் கெணறு உங்க தோட்டத்துக் கெணறுதானுங்க. அதுல செத்தவரு எங்கப்பனுங்க. பேரு மாசாணம். உங்க தோட்டத்துலதான் வேலை பாத்தாரு. அவரு வாழ்நாள்ல குடிச்சதில்லீங்க.”

நான் ஸ்பூனைக் கீழே வைத்தேன். அவர் குரலை உயர்த்தாமல், வேலையில் விபத்தை விளக்குகிற மாதிரி வரிசையாகச் சொன்னார். தண்ணீர் தொண்ணூறு அடிக்குக் கீழே போயிருந்தது. அவ்வளவு ஆழத்திலிருந்து மேலே நிற்கிற இன்ஜினால் உறிஞ்ச முடியாது. அதனால் டீசல் இன்ஜினையே கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இருந்த திட்டில் இறக்கி ஓட்டினார்கள். புகை முழுக்க உள்ளேயே நின்றது. இன்ஜினை நிறுத்திவிட்டு, லாந்தரை விட்டுப் பார்த்தார்கள். எரிந்தது.

“இன்ஜின் பொகைல இருக்கற விசத்துக்கு வெளக்கு அணையாதுங்க. வாசமும் வராது. வெளக்கு எரியும், ஆளு விழுந்துருவான். இதை நான் உங்களுக்குப் போன வருசமே எழுதியிருந்தேன்.”

பிறகு தேடிப் பார்த்தேன். எழுதியிருந்தார். ‘விளக்கை மட்டும் நம்பாதீங்க தம்பி’ என்று தொடங்கி எட்டு வரி. அதற்கு நான் ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தேன். படிக்காமலேயே போட்டிருக்கிறேன்.

“மொதல்ல ஒருத்தர் எறங்கி மயங்கிட்டாருங்க. எங்கப்பன் அவருக்குப் பின்னால எறங்கி, அவரைக் கயித்துல கட்டி மேல அனுப்பிப்போட்டாரு. மறுபடி கயித்தை விட்டப்ப அதைப் புடிக்கக் கீழ கை இல்லீங்க.”

“முதல்ல இறங்கினது யாருக்கா?”

“அதை உங்க ஊட்டுல கேளுங்க” என்றார். “எங்கம்மாவை ஊர்ல குடிகாரன் பொண்டாட்டின்னாங்க. பள்ளிக்கூடத்துல என்னையும் அதைச் சொல்லித்தான் கூப்புட்டாங்க. அங்க இருக்க முடியாமத்தான் அவிநாசிக்கு வந்தோம். இருவத்தெட்டு வருசமாச்சுங்க. போன வாரம் பஸ்ஸுல எம்பக்கத்து சீட்டுப் புள்ள உங்க வீடியோவைப் பாத்துச் சிரிச்சுட்டிருந்துச்சு. எனக்கும் காட்டுச்சுங்க.”

அன்று சாயங்காலமே அந்த நாற்பது விநாடியை வெட்டி எடுத்துவிட்டேன். யூடியூபில் அது சுலபம், இரண்டு இடத்தில் குறி வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அவருக்குச் செய்தி அனுப்பினேன்: ‘நீக்கிவிட்டேன் அக்கா. மன்னியுங்கள்.’ பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி மனசு லேசாக இருந்தது. அப்படி இருந்தது என்று எழுதவே கூசுகிறது.

மறுநாள் பதில் வந்தது. “பாத்தேனுங்க. நேத்து வரைக்கும் எங்கப்பன் குடிகாரனா இருந்தாரு. இன்னிக்கு இல்லவே இல்லீங்களே.”

எனக்குக் கோபம்தான் வந்தது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எடுத்தாயிற்று, மன்னிப்பும் கேட்டாயிற்று, இன்னும் என்னதான் வேண்டும் இவருக்கு என்று ஆபீஸில் ஒரு மணி நேரம் பொருமிக்கொண்டிருந்தேன். அவருக்கு என்ன வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிந்திருக்கும். தன் அப்பா குடித்துச் சாகவில்லை என்று, சொன்ன வீட்டார் வாயாலேயே சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாயனாவின் லேத் பட்டறைக்குப் போனேன். நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், அப்பாவை நாயனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் பெயர் திருமலைசாமி. அதிகம் பேசாத மனிதர். ஞாயிற்றுக்கிழமையும் பட்டறையைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“நாயனா, நம்ம கிணத்துல அன்னிக்கு முதல்ல இறங்கினது யாரு?”

அவர் லேத்தை நிறுத்தினார். கையைத் துணியில் துடைத்தார், துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

“நான்தான்.”

“அப்புறம் ஏன் குடிச்சிட்டு விழுந்தாருன்னு சொன்னீங்க?”

“உங்க தாத்தா போலீஸ்ல அப்படி எழுதிக் குடுத்தாரு. இன்ஜினை உள்ள இறக்கினது நாமதான்னு ஆனா நம்ம மேல கேஸ் வரும்ல. நான் நாலு நாள் ஆஸ்பத்திரில கிடந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியாது.”

“வந்த பிறகு தெரிஞ்சுதுல்ல?”

“வந்த பிறகு ஊரே அப்படித்தான் பேசிட்டு இருந்துச்சு. நான் போயி இல்லைன்னு சொன்னா அப்பாவைப் பொய்யர்னு சொன்ன மாதிரி ஆயிரும். அப்புறம் சொல்லலாம்னு விட்டேன். அப்படியே போயிருச்சு.”

“நான் அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சுப் பொறந்தவன் நாயனா.”

“தெரியும்” என்றார். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு நாளாவது அதை நினைத்திருப்பார் போல. எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர் வாயை மூடிக்கொண்டு செய்ததைத்தானே நான் மைக் வைத்துச் செய்திருக்கிறேன்.

அடுத்த வாரம் இரண்டு பேரும் அவிநாசிக்குப் போனோம். கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டு வீடு. கயல் அக்கா கதவைத் திறந்து, “வாங்க” என்று இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டார். நாயனா உட்காரத் தயங்கினார். அவர்கள் வீட்டுக்குள் நாங்கள் உட்காருவது அதுதான் முதல் தடவை. மாசாணம் எங்கள் தோட்டத்தில் பதினாறு வருடம் வேலை செய்திருக்கிறார், எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லை.

உள்ளேயிருந்து கயல் அக்காவின் அம்மா பொன்னாத்தாள் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். நாயனா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மாசாணம் அன்னிக்குக் குடிச்சிருக்கலீங்க. என்னைக் காப்பாத்தத்தான் இறங்கினாரு. நாங்க பொய் சொல்லிட்டோம்.”

பொன்னாத்தாள் அம்மாவின் முகத்தில் மாற்றமே இல்லை.

“குடிக்கலைங்கறது எனக்குத் தெரியாதுங்களா, சின்னவரே? காலைல நாந்தானுங்க கரைச்ச கம்மஞ்சோறு குடுத்து அனுப்புனேன். எங்கிட்டச் சொல்லி என்ன ஆகுது. ஊருக்குச் சொல்லுங்க.”

கயல் அக்கா என்னைப் பார்த்தார். “போன் இருக்குதுங்களா தம்பி?”

நான் போனை எடுத்து நாயனாவுக்கு நேராகப் பிடித்தேன். விளக்கு இல்லை, மைக் இல்லை. கொல்லையில் யாரோ குடத்தில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் உள்ளே வந்துகொண்டிருந்தது. நாயனா தன் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், இன்ஜினை இறக்கச் சொன்னது தன் அப்பா என்று சொன்னார், தான் முதலில் இறங்கியதைச் சொன்னார், மாசாணம் இறங்கித் தன் இடுப்பில் கயிறு கட்டியதைச் சொன்னார். அவர் வாழ்நாளில் குடித்தவரில்லை என்றும் தெளிவாகச் சொன்னார். ஆறு நிமிடம் ஆயிற்று. நான் பதிவை நிறுத்தப் போனேன்.

“ஒண்ணு கேக்கோணுமுங்க” என்றார் பொன்னாத்தாள் அம்மா. “உங்களை மேல தூக்குனப்ப நெனப்பு இருந்துச்சுங்களா?”

“மேல வந்து கொஞ்ச நேரத்துல வந்துருச்சுங்க.”

“வந்ததும் என்ன கேட்டீங்க?”

“தண்ணி கேட்டேனுங்க.”

“அவரு எங்கன்னு கேட்டீங்களா?”

கயல் அக்கா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார், அவர் கண் நாயனாவின் மேல் இருந்தது.

“இல்லீங்க” என்றார் நாயனா. “கேக்கலீங்க. என்னை எடுக்க யாரு இறங்குனாங்கன்னே நான் கேக்கலீங்க.”

பொன்னாத்தாள் அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். ரொம்ப நாளாகத் தெரிந்துகொள்ள நினைத்ததைத் தெரிந்துகொண்டவர் மாதிரி எழுந்து உள்ளே போய்விட்டார். அழவில்லை. கயல் அக்கா எங்களுக்குக் காபி கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

காரில் நாயனா அவிநாசி தாண்டியதும் கேட்டார். “அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் வெட்டிறலாமா? மத்ததெல்லாம் இருக்கட்டும்.”

முடியாது என்று நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள், பட்டறைக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள், ஆறு நிமிடம் சொன்னதே போதாதா என்று எனக்கும் தோன்றியது. இரண்டு இடத்தில் குறி வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கோவை ரோட்டில் தெக்கலூர் வரும் வரை யோசித்துக்கொண்டே ஓட்டினேன். அதற்குப் பிறகுதான், “இல்ல நாயனா, அப்படியே போடறேன்” என்றேன்.

அன்றைக்கே போட்டேன், ஒரு விநாடியும் வெட்டவில்லை. கீழே மாசாணம் என்று முழுப் பெயரும் ஊரும் எழுதினேன். நாலாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். அந்த இரண்டு லட்சத்தில் மற்றவர்கள் வரவில்லை, வர மாட்டார்கள். கயல் அக்கா என் வீடியோக்களுக்கு இப்போது எதுவும் எழுதுவதில்லை. போன் செய்தால் எடுக்கிறார், மரியாதையாகப் பேசுகிறார், தம்பி என்று மட்டும் கூப்பிடுவதில்லை. ஒரு விநாடியும் வெட்டாமல் போட்டதற்கு நன்றி என்று ஒரு தடவை சொன்னார். தெக்கலூர் வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தேன் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.